தேடுபொறியும் டைம்லைனும் மாத்திப் பாத்தாச்சு: எது தேறுச்சு, எது தேறல

ஒன்றரை வருஷமா பெரிய கம்பெனி தேடுபொறி எதையும் டீஃபால்ட்டா வச்சுக்கறதில்ல, சோஷியல் மீடியாலயும் ஒரே முதலாளி கையில இல்லாத இடத்துக்குக் குடி மாறி மூணு வருஷம் தாண்டிடுச்சு. தெரிஞ்சவங்க நிறைய பேர் "எதைப் போடட்டும், எது நல்லது"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒரே வரில பதில் சொல்ல வரல எனக்கு, ஏன்னா சுதந்திரம், தனியுரிமை, மாற்றுன்னு போர்டு மாட்டியிருக்கற எல்லாமே உள்ள போய்ப் பாத்தா அப்படி இல்ல. அதனால நான் இப்பல்லாம் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேக்கறேன். தேடுபொறின்னா, இண்டெக்ஸ் யாரோடது? சோஷியல் நெட்வொர்க்குன்னா, நாளைக்கே எனக்குப் பிடிக்காமப் போச்சுன்னா என் ஆளுங்கள விட்டுடாம வெளிய வர முடியுமா? மத்ததெல்லாம் இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான்.

முதல் கேள்வியக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லிடறேன். தேடுபொறி நாம கேட்ட நிமிஷத்துல இணையத்துல போய்த் தேடறதில்ல, க்ராலர்னு ஒரு ப்ரோக்ராம் முன்னாடியே பக்கம் பக்கமா சுத்தி வந்து எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு குறிச்சு வச்சிருக்கும், புஸ்தகத்துக்குக் கடைசில சொல்லடைவு போட்டிருப்பாங்களே அந்த மாதிரி, அதுதான் இண்டெக்ஸ். இதைக் கட்டறதுக்கும் தெனம் புதுப்பிக்கறதுக்கும் ஆகற செலவு கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால "மாற்று" தேடுபொறிகள்ல பாதிக்கு மேல சொந்தமா இண்டெக்ஸே கிடையாது, மைக்ரோசாஃப்ட் பிங்கோட ரிசல்ட்ட வாங்கி தன் பேர்ல காட்டுதுங்க. 2024 மே 23 அன்னிக்கு பிங் படுத்துச்சு, கூடவே டக்டக்கோவும் இக்கோசியாவும் சேந்து படுத்துச்சு, தனித்தனிக் கடைன்னு நெனச்சிருந்தவங்களுக்கு எல்லாத்துக்கும் குடோன் ஒண்ணுதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் 2025 ஆகஸ்ட் 11ல சின்னச் சின்ன ஆளுங்க வாங்கிட்டு இருந்த பிங் சர்ச் ஏபிஐயையே, அதாவது வேற ப்ரோக்ராம் அதுல இருந்து ரிசல்ட் எடுக்கற வழியையே, மைக்ரோசாஃப்ட் மூடிடுச்சு. பெரிய ஒப்பந்தம் கையில இருந்தவங்க தப்பிச்சாங்க, அதை நம்பி சின்னதா ஏதோ கட்டி வச்சிருந்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க.

இதை வச்சு டக்டக்கோ மோசம்னு சொல்ல வரல. 2008ல இருந்து ஓடுது, நம்மளப் பத்தி ஃபைல் போட்டு வைக்கறதில்ல, விளம்பரம்கூட தேடின வார்த்தைய வச்சுத்தான் வருது, நாம யாருங்கறத வச்சு இல்ல. ஆச்சரியக்குறி போட்டு ஒரு எழுத்து அடிச்சா நேரா விக்கிப்பீடியாக்குள்ளயோ வேற சைட்டுக்குள்ளயோ போய்த் தேடற வசதி இருக்கு பாருங்க, அது பழகிடுச்சுன்னா விடவே முடியாது. ஆனா 2022ல ஒரு விஷயம் வெளிய வந்துச்சு, அவங்க மொபைல் ப்ரவுசர், நாம எங்கெங்க போறோம்னு பின்தொடர்ற மத்த கம்பெனி ட்ராக்கர எல்லாம் தடுத்துட்டு மைக்ரோசாஃப்ட் ட்ராக்கர் சிலத மட்டும் உள்ள விட்டுட்டு இருந்துச்சு, காரணம் பிங் ரிசல்ட்ட வாங்கறதுக்குப் போட்டிருந்த சர்ச் ஒப்பந்தம். சத்தம் பெருசானதும் சில மாசத்துல சரி பண்ணாங்க, பண்ணிட்டோம்னு வெளிப்படையா சொல்லவும் செஞ்சாங்க, அந்த மட்டும் மரியாதைதான். இருந்தாலும் வாடகை வீட்ல எவ்வளவுதான் நம்ம இஷ்டத்துக்கு பெயின்ட் அடிச்சாலும் ஓனர் ஒரு கண்டிஷன் போட்டா கேட்டுத்தான் ஆகணும். நேத்து வரைக்கும் கூகுள்ல இருந்துட்டு இன்னிக்கு முதல் அடி எடுத்து வைக்கறவங்களுக்கு இதைத் தாராளமா சொல்வேன், பழக்கம் மாறாது, தொந்தரவும் இல்ல. இதோட நின்னுடாதீங்கன்னும் சொல்வேன்.

ஸ்டார்ட்பேஜும் இதே வகைதான், அது கூகுள் ரிசல்ட்ட வாங்கி நம்ம அடையாளத்த மறைச்சுக் குடுக்குது. 2019ல விளம்பரத் துறைக் கம்பெனி ஒண்ணு அதுல முதலீடு பண்ணதும் நிறைய பேர் முகம் சுளிச்சாங்க. இக்கோசியா கதை வேற, ஜெர்மனில 2009ல ஆரம்பிச்சது, வர்ற லாபத்துல மரம் நடறாங்க, அதுவும் 2018ல கம்பெனிய யாரும் வித்துட்டுப் போக முடியாத மாதிரி, லாபத்த யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாத மாதிரி சட்டப்படியே கட்டிப்போட்டுட்டாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவங்க மேல தனி மதிப்பு. ஃப்ரான்ஸோட க்வான்ட்ங்கற தேடுபொறியும் இவங்களும் சேந்து ஐரோப்பாவுக்குன்னு சொந்த இண்டெக்ஸ் கட்டப் போறோம்னு 2024 நவம்பர்ல அறிவிச்சு வேலையும் ஆரம்பிச்சுட்டாங்க. அது வளர்ந்து வந்தா இந்த ரிவ்யூவ நான் திருத்தி எழுத வேண்டி வரும், சந்தோஷமா எழுதுவேன்.

இனி சொந்த இண்டெக்ஸ் வச்சிருக்கறவங்க. இதுல இப்போதைக்கு அன்றாட வேலைக்கு ஈடு குடுக்கறது ப்ரேவ் ப்ரவுசர் கம்பெனியோட ப்ரேவ் சர்ச்தான், ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். 2021ல டெயில்கேட்ங்கற தேடுபொறிய, அதைக் கட்டின டீமோட சேத்து வாங்கி ஆரம்பிச்சாங்க, 2023ல பிங்கோட உதவிய சுத்தமா நிறுத்திட்டோம்னு அறிவிச்சாங்க, இப்ப அவங்க இண்டெக்ஸையே மத்தவங்களுக்கு ஏபிஐயா விக்கறாங்க. தரம் நல்லா இருக்கு, செய்தி, டெக்னிக்கல் கேள்வி, ஊர் பேர் எதைத் தேடினாலும் வருது. ஆனா மனசுக்குள்ள உறுத்தற விஷயங்கள் இதுல உண்டு. 2020ல அவங்க ப்ரவுசர்ல சில கிரிப்டோ சைட் அட்ரஸ டைப் பண்ணா அது தானாவே அவங்களுக்குக் கமிஷன் வர்ற லிங்க்கா மாறினது வெளிய வந்து மன்னிப்புக் கேட்டாங்க. தலைமைல இருக்கற ப்ரெண்டன் ஐக், 2008ல கலிஃபோர்னியால ஒரே பாலினத் திருமணத்துக்குத் தடை கேட்ட பிரச்சாரத்துக்கு ஆயிரம் டாலர் நன்கொடை குடுத்தவர், அதனால எழுந்த எதிர்ப்புலதான் 2014ல ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசர் பண்ற மொஸில்லாவோட தலைமைப் பதவில இருந்து விலகினார். இதெல்லாம் ஒரு தேடுபொறியோட தரத்துக்கு சம்பந்தம் உண்டா இல்லையாங்கறத ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்வி, நான் யாருக்கும் பதில் சொல்லித் தர மாட்டேன். தன் கல்யாணமே செல்லாதுன்னு ஆக்கறதுக்குக் காசு குடுத்தவர் நடத்தற கடைல வாங்க மாட்டேன்னு எனக்கு நெருக்கமான ஒருத்தங்க சொன்னப்ப என்னால ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியல, அன்னிலேர்ந்து ப்ரேவ் எனக்கு ரெண்டாவது இடத்துலதான்.

மோஜீக். இங்கிலாந்துல 2004ல ஒருத்தர் தனியா ஆரம்பிச்ச ப்ராஜக்ட், இன்னிக்கும் சின்ன டீம்தான், சொந்த க்ராலர், சொந்த இண்டெக்ஸ், சொந்த சர்வர். யாரையும் ட்ராக் பண்ண மாட்டோம்னு 2006லயே எழுதி வச்சவங்க, டக்டக்கோ பொறக்கறதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி. நான் இவங்கள மதிக்கறதுக்குக் காரணம் ஒரு சின்ன விஷயம், ரிசல்ட் பக்கத்தோட அடில மத்த தேடுபொறிகளோட லிங்க்கையும் அவங்களே குடுத்து வச்சிருக்காங்க, இங்க கிடைக்கலைன்னா அங்க போய்ப் பாருங்கங்கற மாதிரி. எந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு வழி சொல்லுவார்? இண்டெக்ஸ் பெருசுங்க அளவுக்குக் கிடையாது, இன்னிக்குக் காலைல நடந்த செய்தி வேணும்னா இது சரியா வராதுன்னு தெரிஞ்சேதான் போகணும், ஆனா யாரோ ஒரு தனி மனுஷன் எழுதின கட்டுரை, பழைய பக்கம், பெருசுங்க அஞ்சாவது பக்கத்துல புதைச்சு வைக்கற சைட்டு, இதெல்லாம் இதுல மேல வந்து நிக்கும்.

இப்ப நான் மனசாரக் கொண்டாடற ஒண்ணு, மார்ஜினேலியா. சுவீடன்ல ஒரே ஒரு டெவலப்பர் கட்டினது, ஆரம்ப நாள்ல அவர் வீட்டு ஹால்ல ஒரு பிசில ஓடிட்டு இருந்துச்சு, கோட் மொத்தமும் ஓப்பன் சோர்ஸ், யார் வேணா பாக்கலாம், எடுக்கலாம். விளம்பரமும் ஸ்க்ரிப்டும் அடைச்சுக் கிடக்கற பக்கத்தக் கீழ தள்ளிட்டு, எழுத்து நிறைஞ்ச எளிமையான பக்கத்த மேல தூக்குது. ஒரு உதாரணம் சொல்றேன். பழைய கேசட் டெக் ஒண்ணு வீட்ல கெடந்துச்சு, பாட்டு இழுத்து இழுத்துப் பாடுச்சு, பெல்ட் தளர்ந்திருக்கும்னு தெரியும், எப்படி மாத்தறதுன்னுதான் தெரியல. பெரிய தேடுபொறி ஒண்ணுல தேடினா மொதல்ல நாலு விளம்பரம், அப்புறம் பெல்ட் விக்கற கடை, அப்புறம் "சிறந்த 10 கேசட் ப்ளேயர்கள்"னு ஒரே கட்டுரைய ஆறு பேர் ஆறு விதமா எழுதினது, எதுலயும் ஸ்க்ரூடிரைவர் கையில எடுத்த ஒரு மனுஷனக் காணோம். மார்ஜினேலியால ரெண்டே வார்த்தை போட்டேன், வெள்ளைப் பின்னணி, நீல லிங்க், மெனு கூட இல்லாத ஒரு பக்கம், யாரோ ஒருத்தர் டெக்கத் தொறந்து பழைய பெல்ட் உருகி தார் மாதிரி சக்கரத்துல ஒட்டியிருந்தத ஃபோட்டோ எடுத்துப் போட்டு, அதை ஆல்கஹால் தொட்ட பஞ்சால எத்தனை தடவை தொடைக்கணும், கையில ஒட்டினா கறை போகாது கிளவுஸ் போடுங்க, நூல் வச்சு சுத்தளவு அளக்கும்போது அதுல இருந்து கொஞ்சம் கழிச்சுக்கங்க பெல்ட் இழுபட்டு நிக்கணும்னு வரிக்கு வரி எழுதி வச்சிருந்தார். எனக்கு அந்தப் பக்கத்தப் படிக்கும்போது தொண்டை அடைச்சுது. இணையம்னா இதுதானே, ஒருத்தர் கத்துக்கிட்டத இன்னொருத்தருக்காக எழுதி வச்சுட்டுப் போறது. அந்தப் பக்கம் எங்கயும் போகல, அங்கயேதான் இருந்துச்சு, அதை யாரும் எனக்குக் காட்டல, அவ்வளவுதான்.

காசு குடுத்துத் தேடறதுன்னா காகி. விளம்பரமே கிடையாது, மாசம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு அளவே இல்ல. ஒரு சைட்டு பிடிக்கலைன்னா இனிமே காட்டாதன்னு நிரந்தரமா தடுக்கலாம், பிடிச்சத மேல ஏத்தலாம், இந்த ஒரு வசதி மத்த எல்லாருக்கும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தெனம் நினைக்கறேன். தனி மனுஷங்க எழுதற சின்ன சைட்டுகளுக்குன்னு தனியா ஒரு பகுதியே வச்சிருக்காங்க. ஆனா இதுவும் பாதிக்கு மேல மத்தவங்க ரிசல்ட்ட வாங்கிக் கலந்து தர்ற வேலைதான், அதுல ரஷ்யாவோட யாண்டெக்ஸும் ஒண்ணு, உக்ரைன் போருக்கப்புறம் எங்க காசு அங்க போகக் கூடாதுன்னு சந்தாதாரர்களே கேட்டாங்க, ரிசல்ட்டோட தரம்தான் முக்கியம்னு கம்பெனி விட மறுத்துடுச்சு. காசு குடுக்கறோம்ங்கறதாலயே நம்ம மனசாட்சி சுத்தமாயிடாதுன்னு இதுல கத்துக்கிட்டேன், குடுக்கற காசு எங்க எங்க போகுதுன்னும் பாக்கணும். இன்னொண்ணும் இருக்கு, லாகின் பண்ணித்தான் தேடணும், அப்ப நீங்க தேடறத பதிவு பண்ணலைங்கற அவங்க வார்த்தைய நம்பித்தான் ஆகணும், அதுக்கு வழி பண்ணி 2025ல ஒரு ப்ரைவசி பாஸ் வசதி கொண்டு வந்தாங்க, யார் தேடறாங்கன்னு தெரியாமலே சந்தா இருக்கான்னு மட்டும் சரிபாக்கற முறை, அது நல்ல வேலை.

தமிழ்ல தேடறவங்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம மொழில ஒரு சொல் உருமாறிக்கிட்டே இருக்கும், வீடு, வீட்டுல, வீட்டுக்கு, வீட்டோட, வீட்டையும்னு, இது எல்லாமே ஒண்ணுதான்னு தெரியாத தேடுபொறி எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு கைய விரிச்சுடும். சின்ன இண்டெக்ஸ் வச்சிருக்கறவங்ககிட்ட இதுக்கெல்லாம் வேலை செய்ய ஆளும் இல்ல காசும் இல்ல. அதனால தமிழ்ல தேடும்போது வேர்ச்சொல்லப் போட்டுப் பாருங்க, வேற்றுமை உருபு இல்லாம, நிறைய வித்தியாசம் தெரியும். அப்பவும் வரலைன்னா பெருசுக்குப் போய்த்தான் ஆகணும், நானும் போறேன்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு மாறணும்னு கேக்கறவங்களுக்கு, அமெரிக்க நீதிமன்றத்துல வெளிய வந்த ஒரு எண் போதும்னு தோணுது. போன்லயும் ப்ரவுசர்லயும் டீஃபால்ட் தேடுபொறியா இருக்கறதுக்காக கூகுள் 2021ல மட்டும் குடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2024 ஆகஸ்ட்ல அதே வழக்குல நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் துறைல சட்டவிரோதமா ஏகபோகத்தக் காப்பாத்திக்கிட்டு வருதுன்னு தீர்ப்பு சொன்னார். நாம செட்டிங்ஸ மாத்த மாட்டோம்ங்கற ஒரு நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு காசு. அதை மாத்தறதுக்கு முப்பது செகண்டு ஆகும்.

சரி, சோஷியல் பக்கம் வருவோம், எனக்கு அடி விழுந்தது இங்கதான். 2022 அக்டோபர்ல ட்விட்டர் 4,400 கோடி டாலருக்குக் கைமாறினப்ப கும்பல் கும்பலா மாஸ்டடானுக்கு வந்தோமே, அதுல நானும் ஒருத்தி. மாஸ்டடான்ங்கறது ஒரு சைட் இல்ல, ஆயிரக்கணக்கான சர்வர், ஒவ்வொண்ணுக்கும் அதை நடத்தற ஒரு அட்மின், எல்லாம் ஆக்டிவிட்டிபப்ங்கற பொது நெறிமுறைல ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், 2018ல இணையத் தரங்கள வகுக்கற டபிள்யூ3சி அதை முறைப்படி தரமா அறிவிச்சாங்க. ஈமெயில் மாதிரின்னு வச்சுக்கங்க, உங்க முகவரி எந்தக் கம்பெனில இருந்தாலும் என் முகவரிக்குக் கடிதம் வரும்ல, அது போல. எல்லாரும் இதை சொல்லிக் குடுத்தாங்க, ஒண்ண மட்டும் யாரும் அழுத்திச் சொல்லல, அந்த அட்மின் ஒரு தனி மனுஷன்ங்கறத.

நான் சேந்த முதல் சர்வர் பேர் சொல்ல விரும்பல. அழகான இடம், நானூறு பேர் இருப்போம், எழுதறவங்க படிக்கறவங்க. ஒரு நாள் காலைல திறந்தா பக்கம் வரல, சரி மெயின்டனன்ஸ்னு விட்டேன், மறுநாளும் வரல, நாலாவது நாள் டொமைனே, அதாவது அந்த இணைய முகவரியே போயிடுச்சு. அட்மினுக்கு என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, உடம்பு சரியில்லையோ, காசு தீந்துச்சோ, வெறுத்துப் போச்சோ. ஒரு வருஷத்துக்கு மேல எழுதினது, அம்மா ஆஸ்பத்திரில இருந்த நாட்கள்ல ராத்திரி ராத்திரி எழுதி வச்ச குறிப்பு உள்பட, எல்லாம் போச்சு. பேக்கப் எடுத்து வைக்கற பட்டன் செட்டிங்ஸ்லயே இருந்துச்சு, நான் ஒரு தடவை கூட அமுக்கல.

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு இல்ல. மாஸ்டடான் டாட் லால்னு ஒரு சர்வர் இருந்துச்சு, பன்னெண்டாயிரம் பேர் கிட்ட, 2023ல அட்மின் சண்டை பஞ்சாயத்து பண்ணிப் பண்ணி நொந்துபோய் மூடிட்டார், ஆனா மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டு மூடினார். க்வீர் டாட் ஏஎஃப்னு ஒண்ணு, டொமைன் ஆஃப்கானிஸ்தானோடது, 2024 பிப்ரவரில தாலிபான் நிர்வாகம் அந்த டொமைனையே முடக்கிடுச்சு. கொலெக்டிவான்னு ஒரு சர்வரோட அட்மின் வீட்ல 2023ல எஃப்பிஐ வேற ஏதோ விசாரணைக்காக சோதனை போட, அங்க இருந்த டேட்டாபேஸ் பேக்கப்பும் அவங்க கைக்குப் போயிடுச்சு, பூட்டாத பேக்கப். மாஸ்டடான்ல ப்ரைவேட் மெசேஜ்னு ஒண்ணு அனுப்பறோமே அது அட்மினால படிக்க முடிஞ்ச மெசேஜ்தான், ரகசியம்னு நெனச்சு எதுவும் எழுதாதீங்க, அதுக்கு சிக்னல்னு தனி மெசேஜ் ஆப் இருக்கு.

அப்ப எப்படித் தேர்ந்தெடுக்கறது? மாஸ்டடான் தரப்புல சர்வர்களுக்குன்னு ஒரு உறுதிமொழி வச்சிருக்காங்க, வெறுப்புப் பேச்சுக்கு எதிரா உண்மையா மாடரேட் பண்ணணும், தெனம் பேக்கப் எடுக்கணும், அவசரத்துக்கு சர்வர் சாவி இன்னொருத்தர்கிட்டயாவது இருக்கணும், மூடறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லணும். இந்த நாலையும் ஒத்துக்கிட்ட சர்வரத்தான் அவங்க தளத்துல காட்டுவாங்க. நான் ரெண்டாவது தடவை தேடும்போது இதோட இன்னொண்ணையும் சேத்துக்கிட்டேன், வரவு செலவுக் கணக்க வெளிப்படையாப் போடற இடமா பாத்தேன். அந்த மாதிரி ஒண்ணு கிடைக்கறதுக்குள்ள நடுவுல ஒரு பெரிய பொது சர்வர்ல கொஞ்ச நாள் இருந்தேன், அதனால குடி மாறற அனுபவமும் கிடைச்சுது, அதைக் கொஞ்சம் சொல்றேன்.

மொதல்ல புது அக்கவுண்ட்ல போய் பழைய அக்கவுண்ட்டும் என்னோடதுதான்னு குறிக்கணும், அப்புறம் பழையதுல போய் இங்க மாறறேன்னு அட்ரஸப் போட்டு பாஸ்வேர்டு அடிச்சு பட்டன அமுக்கணும். அமுக்கிட்டு புதுப் பக்கத்த திறந்து வச்சு உக்காந்தேன். ஃபாலோயர் சைபர். ஒரு நிமிஷம் கழிச்சு மூணு. அப்புறம் பதினொண்ணு. டீ போட்டுட்டு வந்து பாத்தா நூத்தி நாப்பது. ஒவ்வொரு சர்வரா சேதி போய்ச் சேரச் சேர என் ஆளுங்க அவங்கபாட்டுக்குப் பின்னாடியே வந்துட்டு இருக்காங்க, அவங்களுக்கே தெரியாது, எதையும் அமுக்கல, சாயந்திரத்துக்குள்ள முக்காவாசி பேர் வந்துட்டாங்க. எந்தப் பெரிய கம்பெனி நெட்வொர்க்குலயாவது இது நடக்குமா? நான் யார ஃபாலோ பண்றேன், யாரத் தடுத்திருக்கேன், புக்மார்க், எல்லாம் ஒரு சின்ன ஃபைலா எடுத்து இந்தப் பக்கம் ஏத்திடலாம். எழுதின பதிவு மட்டும் கூட வராது, பழைய இடத்துலயே தங்கிடும், இது பெரிய குறைதான், வருஷக் கணக்கா கேட்டுட்டு இருக்காங்க.

தெனசரி அனுபவம் எப்படின்னா, அமைதி. யார ஃபாலோ பண்றோமோ அவங்க எழுதினது எழுதின வரிசைல வரும், கோவப்பட வைக்கறதுக்குன்னு எதையும் யாரும் நடுவுல செருகறதில்ல, கீழ வரைக்கும் படிச்சுட்டா தீந்துடுச்சு, போனக் கீழ வச்சுடலாம். படம் போட்டா கண் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி விளக்கம் எழுதற வழக்கம் இங்க ரொம்ப இயல்பு, எழுத மறந்தா யாராவது பணிவா ஞாபகப்படுத்துவாங்க, அது எனக்கு எல்லா இடத்துலயும் தொத்திக்கிச்சு. நம்ம மொழிக்கு ஒரு வசதியும் உண்டு, ட்விட்டர்ல தமிழ்ங்கற சொல் அஞ்சு எழுத்தாக் கணக்காகும், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணுவாங்க, மாஸ்டடான்லயும் ப்ளூஸ்கைலயும் த, மி, ழ்னு மூணே மூணுதான். அது தவிர குறைன்னு சொன்னா ஆள் கம்மி, முதல் ரெண்டு வாரம் வெறிச்சுன்னு இருக்கும், நாமளே ஹேஷ்டேக் பிடிச்சு ஆள் தேடணும், நிறைய பேர் அந்த ரெண்டு வாரத்துலயே திரும்பிப் போயிடறாங்க. அவங்களக் குறை சொல்ல மாட்டேன், சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு தெருவுல இருக்கும்போது தனியா வேற தெருவுல குடி இருக்கறது லேசு இல்ல.

நெறின்னு பேசும்போது ரெண்டு சம்பவம் எனக்கு முக்கியம். 2019ல காப்ங்கற, வெறுப்புப் பேச்சுக்குப் பேர் போன தளம், மாஸ்டடான் கோட எடுத்து தன் தளத்த ஓட்ட ஆரம்பிச்சுது. ஓப்பன் சோர்ஸ், யார் வேணா எடுக்கலாம், தடுக்க முடியாது. ஆனா பெரும்பாலான சர்வர்கள் அவங்கவங்க கதவ அடைச்சுட்டாங்க, ஒரு தலைமை உத்தரவு போடல, ஒவ்வொருத்தரும் தன் வீட்டு வாசல்ல நின்னு முடிவெடுத்தாங்க. காப் தனியா ஒரு தீவா நின்னு போச்சு. ரெண்டாவது, குழு குழுவா விவாதம் நடக்கற ரெட்டிட் தளம் 2023ல ஏபிஐக்கு காசு கேக்கப் போறோம்னதும் ஜனங்க போய்ச் சேந்த லெம்மி, அதே மாதிரிதான், ஆனா ஆக்டிவிட்டிபப்ல ஓடறது. அதை எழுதின டெவலப்பர்களோட அரசியல் பலருக்கு ஒத்து வரல, சீனா, சோவியத் விஷயத்துல எல்லாம் கடும் வாக்குவாதம். இங்கதான் நெறிமுறையோட அருமை தெரிஞ்சுது, பிடிக்காதவங்க பைஃபெட் மாதிரி வேற மென்பொருளுக்கு மாறிட்டு அதே குழுக்கள்ல அதே ஆளுங்களோட பேசிட்டு இருக்காங்க. செஞ்சவரோட கொள்கை பிடிக்கலைன்னா அவர விட்டுட்டு வரலாம், ஊர விட வேண்டியதில்ல. ப்ரேவ் விஷயத்துல எனக்கு இந்த வழி இல்லாமப் போனதுதான் உறுத்தல், அங்க இண்டெக்ஸும் ஆளும் ஒண்ணு.

ப்ளூஸ்கை பத்தியும் கேப்பீங்க. 2019ல ட்விட்டருக்குள்ள ஆரம்பிச்ச யோசனை, தனிக் கம்பெனியாகி 2024 பிப்ரவரில எல்லாருக்கும் கதவத் திறந்தாங்க. பயன்படுத்த மாஸ்டடான விட சுலபம், சர்வர் தேர்வுங்கற தலைவலி இல்ல, எந்த ஃபீட் அல்காரிதம் வேணும்னு நாமளே பொறுக்கிக்கலாம், சொந்த டொமைனையே பேரா வச்சுக்கலாம், முக்கியமா பதிவெல்லாம் கூட எடுத்துட்டு இடம் மாற முடியற மாதிரி கட்டியிருக்காங்க, இது மாஸ்டடான்ல இல்லாதது. ஆனா காகிதத்துல இருக்கற பரவலாக்கம் வேற, நடப்புல இருக்கறது வேற. பெரும்பாலான ஆளுங்க இன்னமும் அந்த ஒரே கம்பெனியோட சர்வர்ல, அந்த ஒரே கம்பெனியோட செயலி வழியாத்தான் இருக்காங்க, கம்பெனிக்கு முதலீட்டாளர்கள் காசு போட்டிருக்காங்க, அந்தக் காசு ஒரு நாள் திரும்பக் கேக்கும். பிளாக்ஸ்கைன்னு ஒரு சமூகம் அதே நெறிமுறைல தனியா சொந்தக் கட்டமைப்பே போட்டு ஓட்டறாங்க, அது மாதிரி இன்னும் நாலு பேர் வந்தா என் ரெண்டாவது கேள்விக்கு ப்ளூஸ்கை முழுசா தேறிடும். இப்போதைக்குப் பாதி தேறியிருக்கு. மெட்டாவோட த்ரெட்ஸும் 2024ல இருந்து ஃபெடிவர்ஸோட, அதாவது மாஸ்டடான் மாதிரி ஆக்டிவிட்டிபப்ல ஓடற தளங்களோட பேசுது, எங்க சர்வர்ல ஓட்டெடுப்பு வச்சு அதை அடைச்சு வச்சிருக்கோம், வேற சர்வர்ல திறந்து விட்டிருக்காங்க, ரெண்டுமே நியாயம்தான்.

இப்ப என் ஏற்பாடு இது. கம்ப்யூட்டர்ல மோஜீக் டீஃபால்ட், கிடைக்கலைன்னா டக்டக்கோ, அவசரம்னா ப்ரேவ், எதையாவது செய்யக் கத்துக்கணும்னா மார்ஜினேலியா. மாஸ்டடான்ல சின்ன சர்வர், மாசம் ஒண்ணாந்தேதி ஆர்கைவ இறக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டுடறேன், அன்னிக்கே அட்மினுக்கு ஒரு தொகை அனுப்பறேன். இலவசமா இருக்கற இடம்னா யாரோ ஒருத்தர் தன் தூக்கத்தையும் காசையும் போட்டுத்தான் நடத்தறாங்க, நாம எழுதறது பத்திரமா இருக்கணும்னு எதிர்பாக்கறோம்ல, அவங்க நொந்து போகாம இருக்கறதும் நம்ம பொறுப்புதான். போன மாசக் கணக்குப் பதிவுல அவங்க எப்பவும் போல சர்வர் வாடகை, டிஸ்க் செலவு, டொமைன், வந்த நன்கொடை, மிச்சம்னு எழுதிட்டு கடைசில ஒரு வரி சேத்திருந்தாங்க: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பயப்பட வேண்டாம், சாவி இப்ப இன்னும் ரெண்டு பேர்கிட்ட இருக்கு." அதைப் படிச்சுட்டு அனுப்பற தொகைய அன்னிக்கே ரெட்டிப்பாக்கினேன்.